ஒற்றுமை அறிக்கையில் நிறம் ஏறியிருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆய்வேட்டை நூலகத்தில் கொடுத்து, எழுத்துத் திருட்டைத் தேடும் மென்பொருளில் சோதித்து வாங்கிய ஒற்றுமை அறிக்கையில் 34 விழுக்காடு என்று வந்திருக்கிறது. நெறியாளர் "பத்துக்குக் கீழே கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த இடத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வேறெங்கோ ஒத்துப்போகிறது என்று மென்பொருள் நிறம் ஏற்றிக் காட்டிய வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லாக மாற்ற ஆரம்பிப்பது. அதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

அந்த எண், உங்கள் எழுத்தில் எவ்வளவு வேறெங்கோ இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. முழு அறிக்கையையும் பிடிஎஃப் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். முதல் பக்கத்து எண்ணைத் தாண்டிப் போய், நிறம் எந்தப் பக்கத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் அப்பிக் கிடப்பதற்கு ஒரு காரணம், வரிக்கு வரி விட்டுவிட்டு விழுவதற்கு வேறு காரணம். காரணம் தெரியாமல் கைவைத்தால் எண் குறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எனவே விதியை ஒருமுறை பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி ஆய்வேட்டில் ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால், கொடுத்த கெடுவுக்குள், அதிகபட்சம் 6 மாதத்துக்குள், திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதைவிடக் கடுமையாக உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது வைத்திருக்கலாம், ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு வரியும் அதே விதிமுறையில் உண்டு. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், கண்டவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவை உங்கள் சொந்தச் சிந்தனையாக இருக்க வேண்டும், அங்கே ஒற்றுமையே கூடாது என்கிறது அது. ஆக, மொத்தம் 8 விழுக்காடுதான், ஆனால் அந்த எட்டும் முடிவுரையில் இருக்கிறது என்றால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அறிகுறி: எண் பெரிது; நிறமெல்லாம் துணைநூற்பட்டியலிலும் செய்யுளிலும்

இருப்பதிலேயே எளிதான கோளாறு இதுதான். சோதித்தவர் வடிகட்டி போடாமல் ஓட்டியிருக்கிறார். உரிய முறையில் குறிப்பிட்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பிரிவுகள், பொதுவான கலைச்சொற்கள், நிலைபெற்ற சமன்பாடுகள் இவையெல்லாம் கணக்கில் வராதவை. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் தொடர்ந்து 14 சொற்கள் வரை இருந்தால் அவற்றையும் விட்டுவிடலாம். நூலகரிடம் போய் இந்த விலக்குகளைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது உங்கள் உரிமை.

தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தொல்லை. குறுந்தொகைப் பாட்டை மேற்கோள் குறி போடாமல், உள்தள்ளி, தனியாக அச்சிடுவது நம் வழக்கம். எல்லா மென்பொருளும் அதை மேற்கோள் என்று எடுத்துக்கொள்ளாது. ஏற்கெனவே நூறு ஆய்வேட்டில் இருக்கும் பாட்டு என்பதால் பாட்டு முழுவதும் நிறமாகிவிடும். அதற்காகப் பாட்டை எடுத்துவிடாதீர்கள். அந்த இடங்களை அறிக்கையிலேயே குறித்து, "மூலச் செய்யுள், எண் தரப்பட்டுள்ளது" என்று ஓரத்தில் எழுதி நெறியாளரிடம் காட்டினால் போதும்.

பாட்டுக்குக் கீழே வரும் பொழிப்புரைதான் சிக்கலான இடம். பாட்டு பொதுச் சொத்து என்பதால் அதன் உரையும் பொதுச் சொத்து என்று நினைத்து, ஏதோ ஒரு பதிப்பிலிருந்து உரையைப் பெயர் சொல்லாமல் இறக்கிவிடுகிறார்கள். உரை ஒருவருடைய உழைப்பு. பரிமேலழகர் ஆனாலும் சரி, போன ஆண்டு வந்த பதிப்பாசிரியர் ஆனாலும் சரி, பெயரும் பக்கமும் வர வேண்டும்.

அறிகுறி: ஒரே மூலத்தோடு 70, 80 விழுக்காடு, அந்த மூலம் நீங்களேதான்

மூலங்களின் பட்டியலில் முதல் வரியில் உங்கள் கல்லூரியின் பெயரே இருக்கிறதா? பெரும்பாலும் முதல் வரைவைச் சோதித்தபோது அது மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போது உங்கள் எழுத்தே உங்கள் மேல் சாட்சி சொல்கிறது. அந்த ஒரு மூலத்தை விலக்கி ஓட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை வரைவைக் கொடுக்கும்போது "களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். இணையத்தில் இலவசமாகச் சோதித்துத் தரும் பெயர் தெரியாத தளங்களில் முழு ஆய்வேட்டையும் ஏற்றாதீர்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒத்துப்போவது நீங்கள் முன்பு வெளியிட்ட கட்டுரையோடு என்றால் கதை வேறு. தன் எழுத்தைத் தானே எடுத்தால் என்ன தப்பு என்று கேட்பார்கள். முன்பு வெளியான தன் படைப்பை உரிய மேற்கோள் இல்லாமல் மறுபடி வெளியிடுவதை ஏற்க முடியாது என்று யூஜிசி ஏப்ரல் 2020இல் தனி அறிவிப்பே விட்டது. தீர்வு கஷ்டமானதில்லை. இயலின் தொடக்கத்திலேயே "இவ்வியலின் ஒரு பகுதி இன்ன இதழில் இன்ன ஆண்டில் கட்டுரையாக வெளிவந்தது" என்று எழுதிவிட்டு, அந்தக் கட்டுரையைத் துணைநூற்பட்டியலிலும் சேருங்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்றால் எந்தப் பகுதி உங்களுடையது என்பதையும் சொல்லுங்கள்.

அறிகுறி: பத்தி முழுக்கத் திட்டுத்திட்டாக நிறம்

நாலு சொல் நிறம், இரண்டு சொல் வெறுமை, மறுபடி ஐந்து சொல் நிறம். இப்படிப் பத்தி பத்தியாகப் போனால் அது ஒட்டுப்போட்ட எழுத்து. மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வாக்கிய அமைப்பை அப்படியே விட்டு, சொற்களை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். செய்பவர்களில் பாதிப் பேருக்கு இது தவறு என்றே தெரியாது, "சொந்த நடையில்தானே எழுதினேன்" என்பார்கள். பார்த்துவிடலாம். எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய ஒரு மூலப் பத்தி:

"பாலாற்றுப் படுகையின் ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலிங்கு வழியே வழிந்து கீழ் ஏரிக்குச் செல்லும். அதனால் ஓர் ஏரியின் வரத்துக்கால்வாய் அடைபட்டால் அதற்குக் கீழே உள்ள ஏரிகளும் தண்ணீர் இல்லாமல் போகும்."

ஒட்டுப்போட்ட வடிவம்:

"பாலாற்றுப் பகுதியின் குளங்கள் தனித்தனியாகத் தோண்டப்பட்டவை அல்ல. மேலேயுள்ள ஏரி நிறைந்தால் மிகைநீர் கலிங்கு மூலம் வெளியேறிக் கீழேயுள்ள ஏரிக்குப் போகும். ஆகவே ஓர் ஏரியின் வரத்துக்கால்வாய் தடைபட்டால் அதன் கீழுள்ள ஏரிகளும் நீரின்றிப் போகும்."

எத்தனை சொல் மாறியிருக்கிறது என்று எண்ணினால் நிறையத்தான். ஆனால் மூன்று வாக்கியம் மூன்று வாக்கியமாகவே இருக்கிறது, வரிசை அதே, "அதனால்" இருந்த இடத்தில் "ஆகவே" உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்குப் பொருளும் கெட்டுவிட்டது. படுகை என்றால் ஆற்றின் நீர் சேரும் நிலப்பரப்பு, "பகுதி" என்றதும் அது போயிற்று. முதல் வாக்கியத்தில் குளம், அடுத்ததில் ஏரி. இரண்டும் ஒன்றா வேறா என்று படிப்பவர் குழம்புவார். கலிங்கும் வரத்துக்கால்வாயும் மாறவில்லை, ஏனென்றால் அவற்றுக்கு மாற்றுச் சொல் கிடைத்திருக்காது! துறைச் சொல்லை மாற்றவே கூடாது என்பது எழுதியவருக்கு அந்த இரண்டு இடத்தில்தான் தெரியாமலே சரியாக அமைந்திருக்கிறது. இதன் கடைசியில் அடிக்குறிப்பு போட்டாலும் தீராது. அடிக்குறிப்பு "கருத்து அவருடையது" என்று சொல்லும், ஆனால் இங்கே வாக்கியமும் அவருடையது.

சரி, எப்படி எழுதுவது? புத்தகத்தை மூடுங்கள். அந்தப் பத்தி உங்கள் ஆய்வுக்கு ஏன் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர் ஒருவருக்கு வாயால் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்து, சொன்னதை எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, தகவல் சரியா, தொடர் ஏதும் அப்படியே வந்துவிட்டதா என்று ஒப்பிடுங்கள்:

"தொடர் ஏரிகளில் ஆக்கிரமிப்பின் பாதிப்பு ஓர் ஊரோடு நிற்பதில்லை என்று இவ்வாசிரியர் காட்டுகிறார் (ஆண்டு, பக்கம்). ஒரு கலிங்கில் வழிவதே அடுத்த ஏரிக்கு வரத்து என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை. அவ்வாறெனில் நான் எடுத்துக்கொண்ட ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது, கால்வாய் எந்த ஊர் எல்லையில் அடைபட்டிருக்கிறது என்பதே."

யார் சொன்னது என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிகிறது. கடைசி வாக்கியம் ஆய்வாளருடையது. கலிங்கும் வரத்தும் மாறாமல் இருப்பதால் எந்த மென்பொருளும் கோபித்துக்கொள்ளாது. மூலத்தின் சொல்லே அழகாகவோ சர்ச்சைக்குரியதாகவோ இருந்தால் அதை மட்டும் மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுங்கள். பக்கம் பக்கமாக எடுக்க ஆசை வந்தால், அந்தப் பகுதியை இன்னும் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கோளாறு எழுதும்போது தொடங்குவதில்லை. குறிப்பெடுக்கும்போதே வந்துவிடுகிறது. நோட்டிலோ கைப்பேசியிலோ வரிகளை அப்படியே இறக்கிவைத்து, மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடாமல் விட்டுவிட்டால், ஓராண்டு கழித்துப் பார்க்கையில் அது நம் வரிபோலவே தெரியும். அப்படியே எடுத்ததற்கு இரட்டைக் குறி, சுருக்கியதற்கு ஆசிரியர் பெயரும் பக்கமும், நமக்குத் தோன்றியதற்கு வேறு நிற மை. இவ்வளவுதான். ஆனால் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும்.

அறிகுறி: எண் ஒற்றை இலக்கம், ஆனாலும் நெறியாளர் "இது உங்க எழுத்து இல்லையே" என்கிறார்

தமிழில் எழுதுபவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மென்பொருள் தமிழில் குறைவான எண்ணைக் காட்ட எத்தனையோ காரணம் உண்டு.

ஒன்று எழுத்துரு. யூனிகோடு வருவதற்கு முன்பும் அதற்குப் பிறகு நெடுநாளும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் டிடிபி மையங்களில் ஆய்வேடு அடித்தார்கள். பாமினியில் அடித்த கோப்பில் "அம்மா" என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே இருப்பது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். யூனிகோடில் இருக்கும் அதே சொல்லோடு அது ஒத்துப்போகவே போகாது. பழைய ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன் படங்களாகவும் இருக்கின்றன. அப்புறம் தமிழின் ஒட்டும் தன்மை: "கூறுகிறார்" என்பது "கூறியுள்ளார்" ஆனாலே சொல் வேறு. அச்சில் மட்டும் வந்து இணையத்துக்கே வராத நூல்களைச் சொல்லவே வேண்டாம். எனவே 3 விழுக்காடு என்பது நற்சான்று இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வரும் பேராசிரியர் அந்த அச்சு நூலைப் படித்தவராக இருந்தால் எல்லாம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று மொழிபெயர்த்த திருட்டு. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் ஆக்கி, பெயர் சொல்லாமல் இயலாக வைத்துவிடுவது. சொல் ஒத்துப்போகாது, சிந்தனை முழுக்க அவருடையது. நெறியாளர் கண்டுபிடிப்பது எப்படி என்றால், தமிழ் ஆய்வேட்டின் நடுவே திடீரென்று செயப்பாட்டு வினையாக அடுக்கும் வாக்கியங்கள், நம் சூழலுக்குச் சம்பந்தமே இல்லாத எடுத்துக்காட்டுகள், அதுவரை வராத கலைச்சொற்கள். மொழிபெயர்த்த பத்திக்கும் மேற்கோளுக்குரிய அத்தனையும் வேண்டும்: குறி, ஆசிரியர், பக்கம், "தமிழாக்கம் ஆய்வாளருடையது" என்ற ஒரு வரி.

வாதத்தின் வரிசையை எடுப்பதும் இதில்தான் சேரும். ஒருவர் ஐந்து சான்றுகளை ஒரு வரிசையில் வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அதே ஐந்து, அதே வரிசை, அதே முடிவு, வேறு சொற்கள் என்றால் எந்த நிறமும் விழாது. "இவ்விவாதம் இன்னாருடைய அமைப்பைப் பின்பற்றுகிறது" என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை.

அறிகுறி: விசித்திரமான சொற்கள்

"செயற்கை நுண்ணறிவு" வர வேண்டிய இடத்தில் "போலி உணர்வு" என்று இருந்தால் என்ன நினைப்பீர்கள்? 2021இல் கியோம் கபானாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகாசினோவ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து வெளிக்கொண்டுவந்தது இந்த மாதிரிச் சொற்களைத்தான். ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது "கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்" ஆகவும், பிக் டேட்டா "கொலாசல் இன்ஃபர்மேஷன்" ஆகவும் அச்சாகியிருந்தன. சொல்மாற்றிக் கருவியில் பிறர் கட்டுரையைப் போட்டு எடுத்ததன் தடயம் என்பது அவர்கள் முடிவு. "சித்திரவதைத் தொடர்கள்" என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். பெரிய பதிப்பகங்களின் இதழ்களிலேயே அவை இருந்தன.

தமிழில் இதே வேலையை மொழிபெயர்ப்புக் கருவி செய்கிறது. தமிழை ஆங்கிலமாக்கி, மறுபடி தமிழாக்கி எடுப்பார்கள். சங்க இலக்கியத்தின் "திணை" தினை அரிசியாகித் திரும்பி வரலாம். பணம் வாங்கிக்கொண்டு விழுக்காட்டைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்கள் செய்வதும் பெரும்பாலும் இதுதான். சொற்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் எழுத்தை மறைத்து வைப்பது, ஒத்த வடிவுள்ள வேற்றுமொழி எழுத்தை நுழைப்பது என்றும் போவார்கள். டர்னிட்டின் போன்ற ஒற்றுமை சோதிக்கும் மென்பொருள்கள் இவற்றைத் தனியாகக் கொடி போட்டுக் காட்டுகின்றன. அதுவரை கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது, கொடி விழுந்த பிறகு உள்நோக்கம் தெளிவாகிவிடும். இந்த அறிகுறி உங்கள் பிரதியில் இருந்தால் ஒட்டித் திருத்தாதீர்கள். அந்தப் பத்திகளை நீக்கிவிட்டு மூலத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.

அறிகுறி: மேற்கோள் இருக்கிறது, நூல் கிடைக்கவில்லை

இரண்டில் ஒன்று. ஏ.ஐ. கருவி கொடுத்த பட்டியலை நம்பிச் சேர்த்திருக்கலாம். அப்படி ஒரு கட்டுரையே இருக்காது, ஆசிரியர் உண்மையானவராக இருப்பார், இதழும் இருக்கும், தொகுதியும் பக்கமும் கற்பனை. டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்கென்று தரப்படும் இணைய அடையாள எண்ணை, தட்டிப் பாருங்கள், இதழின் அந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். கண்ணால் காணாத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது.

அல்லது, இன்னொரு ஆய்வேட்டின் அடிக்குறிப்பை அப்படியே எடுத்திருப்பீர்கள். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏதோ ஓர் ஆய்வேட்டில் பார்த்த மேற்கோளை, மூலநூலையே படித்ததுபோல் காட்டுவது. முந்தையவர் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும், பிடிபடுவது அப்படித்தான். மூலத்தைத் தேடிப் படியுங்கள், முடியாவிட்டால் "இன்னார் மேற்கோள் காட்டியபடி" என்று எழுதுங்கள். ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அனெட்டே ஷாவான் 2013இல் பட்டத்தை இழந்தது இந்த வகைக் குற்றச்சாட்டில்தான்: பிறர் எழுதிய விளக்கங்களை உரிய குறிப்பில்லாமல் எடுத்து, மூலத்திலிருந்து தானே வந்தடைந்ததுபோல் காட்டினார் என்பது டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தின் முடிவு. 1980இல் வாங்கிய பட்டம். ஆய்வேடு மனச்சாட்சியைப் பற்றியது.

அறிகுறி: நீங்களே எழுதியது, ஏ.ஐ. எழுதியது என்கிறது கருவி

ஒற்றுமை விழுக்காடும் ஏ.ஐ. விழுக்காடும் வேறு வேறு. முன்னதில் ஒத்துப்போகும் மூலத்தைக் கைநீட்டிக் காட்டலாம். பின்னது வெறும் ஊகம், சாட்சி கிடையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை இத்தகைய கருவிகளில் போட்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏ.ஐ. எழுதியதாகக் கருவிகள் சொல்லின. எளிய சொல், ஒரே மாதிரி வாக்கியம் என்றால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு நிறுத்திவிட்டது. எனவே எண்ணைக் குறைப்பதற்காக நன்றாக இருக்கும் வாக்கியத்தைக் கோணலாக்காதீர்கள். வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, கையெழுத்துக் குறிப்பு இவற்றைக் காட்டுங்கள். கருவியை உண்மையிலேயே பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: சமர்ப்பித்த பிறகு தெரியவருகிறது

பட்டம் வாங்கியாயிற்று, இனி யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வேண்டாம். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க் 2007இல் பெற்ற பட்டத்தை பெய்ராய்ட் பல்கலைக்கழகம் 2011 பிப்ரவரியில் பறித்தது. மார்ச் முதல் தேதி பதவியும் போயிற்று. அவர் ஆய்வேட்டின் முன்னுரைத் தொடக்கமே ஒரு நாளிதழ்க் கட்டுரையிலிருந்து வந்திருந்தது. யூஜிசி விதியிலும் பட்டம் பெற்ற பிறகு நிரூபணமானால் பட்டத்தை நிறுத்தி வைக்க இடமுண்டு.

சமர்ப்பித்துவிட்டீர்கள், தேர்வாளருக்கு இன்னும் போகவில்லை என்றால் இன்றே நெறியாளரிடம் சொல்லி, திருத்திய பிரதி கொடுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஆய்வேட்டில் எழுத்துத் திருட்டு இல்லை என்று அவரும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதனால் தள்ளிப்போட மாட்டார். இதழில் வந்த கட்டுரை என்றால் இதழாசிரியருக்கு எழுதி, திருத்தமோ திரும்பப் பெறுதலோ கேளுங்கள்.

புகாராகவே வந்துவிட்டால் முதலில் துறை அளவிலான குழு விசாரிக்கும், பிறகு நிறுவன அளவிலான குழு. ஒவ்வொன்றுக்கும் 45 நாள் கெடு. இயற்கை நீதிப்படி உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. போகும்போது விழுக்காட்டைப் பற்றி வாதாடத் தயாராகப் போகாதீர்கள். புகாரில் சொன்ன ஒவ்வொரு பத்திக்கும் மூலம், உங்கள் குறிப்பு, வரைவுகளின் தேதி, எது உங்கள் தவறு, எது மென்பொருள் தவறாகப் பிடித்தது என்று பக்கவாரியாக ஒரு பட்டியல் தட்டச்சு செய்து, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.